நாற்பத்தாறு பேருக்கு வெந்நீரும் நன்கொடை விறகும்

1. பாய்லர்காரர் போன காலை

பாய்லர்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னதே வெந்நீர் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்த பெரியவர்கள்தான். காலை ஐந்தரை மணி. நான் அப்போது அந்த முதியோர் இல்லத்தில் ஆயா. கையில் பக்கெட்டோடு குழாயடிக்குப் போனால், ஆண்கள் பக்கத்திலிருந்து பதினைந்து பேர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

"இன்னா குணா, பாய்லர் செத்துப் போச்சா? பச்சத் தண்ணியா வர்து!"

பாய்லர் அறைக்குப் போய்ப் பார்த்தேன். சாவி கதவிலேயே தொங்கியது. உள்ளே ஆள் இல்லை, அடுப்பில் சாம்பல், மூலையில் மாங்கட்டை ஒரு குவியல். முதல் நாள்தான் யாரோ வெட்டிக்கொண்டு வந்து கொட்டியிருந்தார்கள். தொட்டால் ஈரம் விரலில் ஒட்டியது.

ஈரக் கட்டை எரியாது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. கட்டை என்றால் எரியும் என்று நினைத்தேன். காகிதம், மண்ணெண்ணெய், துணி என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு ஒரு மணி நேரம் போராடினேன். கட்டையின் முனையில் நுரை வந்தது, சீறியது, எரியவில்லை. புகை மட்டும் வந்தது. அது புகைபோக்கி வழியாகப் போகாமல் என் முகத்துக்கே வந்தது. ஏழு மணிக்கு தண்ணீர் ஏதோ வெயிலில் வைத்த குடத்துத் தண்ணீர் மாதிரி ஆனது. அன்று பாதிப் பேர் குளிக்கவில்லை. குளித்தவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே குளித்தார்கள்.

அன்று மாலை செயலாளர் என்னைக் கூப்பிட்டார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேச மாட்டார். அதுதான் அவரிடம் கஷ்டம்.

"வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நீயே பாத்துக்கம்மா" என்றார்.

பதினொரு வருடம் ஆகிவிட்டது. வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

2. எது எரியும், எது எரியாது

இல்லம் திருவொற்றியூரில், கடலோரச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது. பெயர் வேண்டாம். நாற்பத்தாறு பேர். அதில் எழுந்து நடக்க முடியாதவர்கள் ஒன்பது பேர். அவர்களுக்குப் படுக்கையிலேயே வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். ஆகவே வெந்நீர் எங்களுக்கு சொகுசு அல்ல.

விறகு எதற்கு, சோலார் போடக் கூடாதா என்று வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். போட்டோம். எங்கள் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். இரண்டே வருடத்தில் குழாய்கள் உள்ளே சுண்ணாம்பு பிடித்து அடைத்துக்கொண்டன. கரண்ட் கீசர் நான்கை ஒன்றாகப் போட்டால் தெருவுக்கே லைட் மங்கும். மிச்சம் இருப்பது இந்த பாய்லர்தான். ஆளுயர இரும்பு டிரம். அடியில் அடுப்பு, நடுவில் சூடும் புகையும் போகிற குழாய்கள், சுற்றிலும் ஐந்நூறு லிட்டர் தண்ணீர், மேலே புகைபோக்கி.

இதை ஓட்டக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. எரித்து எரித்துத்தான் கற்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எரிப்பேன். காய்ந்த சவுக்கு என்றால் முக்கால் மணியில் தண்ணீர் கை பொறுக்காத சூட்டுக்கு வரும். வேலிக்காத்தான் இன்னும் நல்லது. முள் கிழிக்கும், ஆனால் தணல் நின்று எரியும். பெண்கள் பக்கம் குளித்து முடித்து ஆண்கள் வரும்வரை மறுகட்டை போட வேண்டாம். புளியங்கட்டைக்கு சூடு உண்டு, பிளக்கத்தான் தோள்பட்டை கழன்றுவிடும். மா பரவாயில்லை. முருங்கையும் இலவும் காகிதம் மாதிரி. போட்டது தெரிவதற்குள் சாம்பல்.

ஆனால் என்ன மரம் என்பதைவிட எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஈரச் சவுக்கைவிடக் காய்ந்த மா எவ்வளவோ மேல். ஈரக் கட்டையைப் போட்டால் நெருப்பு முதலில் கட்டைக்குள் இருக்கிற தண்ணீரைக் கொதிக்கவைக்கும். அதற்குப் பிறகு மிச்சம் இருந்தால்தான் பாய்லர் தண்ணீருக்கு. இந்த ஒரு விஷயத்தை நான் எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்னும். ஈரமானது 'தொப்' என்னும். வெட்டு முகத்தில் நடுவிலிருந்து வெளியே விரிசல் ஓடியிருக்க வேண்டும். பட்டை தானாகக் கழன்று வர வேண்டும். பார்வைக்குப் பெரிதாக இருந்து கைக்கு லேசாக இருக்க வேண்டும். மணிக்கட்டு கனத்துக்கு மேல் இருந்தால் பிளந்துதான் அடுக்க வேண்டும். முழு உருளை உள்ளே ஒருபோதும் காயாது.

அடுக்குவதும் அப்படியே. கீழே செங்கல் வைத்து, தரையில் படாமல், இடைவெளி விட்டு. மேலே மட்டும் ஒரு மூடி. பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். கடற்காற்று இலவசமாகக் காயவைத்துக் கொடுக்கும்.

ஒரு தடவை நான் இரண்டு நாள் லீவில் வியாசர்பாடிக்கு, என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால், செயலாளர் மழை வருகிறது என்று சொல்லி ஏதோ விழாவுக்கு அடித்த பெரிய பிளாஸ்டிக் பேனரால் என் சவுக்கு அடுக்கை நான்கு பக்கமும் இறுக்கிச் சுற்றி, கயிறு வேறு கட்டி வைத்திருந்தார். பிரித்தால் உள்ளே வேர்த்துக்கொண்டிருக்கிறது. கட்டையெல்லாம் வெள்ளைப் பூஞ்சை.

"நல்லா பாதுகாப்பா மூடி வச்சிருக்கேன் பாத்தியா?" என்றார்.

உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

3. தானம் கொடுக்க வருகிறவர்கள்

'விறகு நன்கொடை ஏற்கப்படும்' என்று செயலாளர் கேட்டுக்கு வெளியே ஒரு போர்டு எழுதி வைத்தார். அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று.

வடசென்னையில் எரிக்கக் கூடாத கட்டை இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புயலில் விழுந்த மரமெல்லாம் எங்கள் வாசலுக்கு வந்தது, இலையோடும் கூட்டோடும். ஒரு காக்கை முட்டைகூட வந்தது. வீடு இடித்தவர்கள் பெயிண்ட் அடித்த கதவைக் கொடுத்தார்கள். பிளைவுட் அலமாரியைக் கொடுத்தார்கள். பிளைவுட்டை எரித்தால் அதில் இருக்கிற பசை புகையாக வரும், கண் பிடுங்கும். ராயபுரத்திலிருந்து ஒருவர் துறைமுகத்து பேலட் கட்டைகளை வண்டி நிறையக் கொண்டுவந்தார். பேலட்டில் முத்திரை பார்க்க வேண்டும். எச்.டி. என்று இருந்தால் வெறுமனே சூடுபடுத்தியது, எரிக்கலாம். எம்.பி. என்று இருந்தால் பூச்சி மருந்துப் புகை போட்டது, தொடவே கூடாது. அவர் கொண்டுவந்ததில் பாதி எம்.பி.

"இத்த நான் எரிக்க மாட்டேன். எடுத்துகினு போங்க" என்றேன்.

"இன்னாம்மா இது? சும்மா குடுக்குறதுக்கே இவ்ளோ பேஜாரு பண்ற! துட்டு கேட்டா இன்னா பண்ணுவே?"

"துட்டு குடுத்து வாங்குனா நான் பாத்துத்தான் வாங்குவேன். சும்மா குடுத்தா பாக்கக் கூடாதா?"

அவர் செயலாளரிடம் புகார் செய்தார். செயலாளர் என்னைக் கூப்பிட்டு, மென்மையாக, "மனசார கொடுக்கிறவங்களை முகம் சுளிக்க விடக் கூடாதும்மா" என்றார். பேலட்டை நானே தெருக்கோடிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போட்டேன்.

இன்னொருவர் அரளிச் செடியை வேரோடு வெட்டிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார். அரளிப் புகை விஷம். அதை அவருக்குச் சொன்னபோது, "சாமிக்கே போடற பூ, இன்னா விஷம்?" என்று என்னையே மடக்கினார்.

வெளியே இவர்கள் என்றால் உள்ளே எத்திராஜ் நைனா. எண்பத்திரண்டு வயது. பெரம்பூர் ஷெட்டில் நீராவி இஞ்சினுக்கு ஃபயர்மேனாக இருந்தவர். எங்கள் பாய்லருக்கு முன்னால் தினமும் காலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவார்.

"அட, இன்னாமே இது? கோயிலுக்கு வெளக்கு ஏத்துற மாதிரி ரெண்டு குச்சி வச்சிருக்கே? ரொப்பு! வாய் வரிக்கும் ரொப்பு!"

"நைனா, ரொப்புனா காத்து போவாது. பொகதான் வரும்."

"நான் இஞ்சின்ல கரி அள்ளிப் போட்டுகினு இருந்தப்ப நீ பொறக்கவே இல்ல. எனக்கே சொல்றியா?"

கரி வேறு, கட்டை வேறு என்று அவருக்கு எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். விறகு அடுப்பில் பாதிக்கு மேல் இடம் காலியாக இருக்க வேண்டும். கட்டையிலிருந்து கிளம்புகிற புகையும் எரிந்தால்தான் முழுச் சூடு கிடைக்கும். அது எரிய காற்று வேண்டும், இடம் வேண்டும். நான் பாத்ரூம் பக்கம் போன நேரம் பார்த்து அவர் எழுந்து அடுப்பை நிரப்பிவிடுவார். நெருப்பு மூச்சுத் திணறிக் கரும்புகை கக்கும். கேட்டால் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொள்வார்.

கரும்புகை வந்தால் எங்கள் இல்லத்தில் முதலில் தெரிவது சரோஜாம்மாவுக்கு. பெண்கள் பக்கம் கடைசிக் கட்டில் அவருடையது. ஜன்னலிலிருந்து புகைபோக்கி இருபது அடி இருக்கும். இருபத்தைந்து வருடம் மீன் சுட்டு விற்றவர், அந்தப் புகையிலேயே நுரையீரல் கெட்டுப்போனவர். அவர் இரண்டு தடவை இருமினால் நான் ஓடிப்போய் அடுப்பைத் திறந்து பார்ப்பேன். எனக்கு மீட்டர் அவர்தான்.

4. பாளையத்தின் படகு

இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த மார்கழி. அதற்கு முந்தின மாதம் முழுவதும் மழை. நான் காய வைத்திருந்த சவுக்கு தீர்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக மீஞ்சூர்ப் பக்கமிருந்து லோடு அனுப்புகிறவர், தோப்புக்குள் தண்ணீர் நிற்கிறது, வண்டி இறங்காது என்று பத்து நாளாக அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது நான்கு நாள் கட்டை.

அப்போதுதான் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பக்கத்துக் குப்பத்திலிருந்து இரண்டு ஆட்கள் இறங்கி, பலகை பலகையாக எடுத்து விறகு அடுக்கு ஓரமாக வைத்தார்கள். நீளமான, வளைந்த பலகைகள். பிரித்த மரப் படகு.

"யார் குடுத்தது?" என்று கேட்டேன்.

"பாளையம் அண்ணன் அனுப்பிச்சாரு. ஐயாகிட்ட போன்ல சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

பலகையை நக்கிப் பார்த்தேன். சிரிக்க வேண்டாம், கடல் மரத்தை அப்படித்தான் பார்க்க வேண்டும். நாக்கில் உப்பு. ஒரு பக்கம் பச்சையும் நீலமுமாக நான்கைந்து பூச்சு பெயிண்ட். இடுக்குகளில் தார். ஆணிகள். நேராகச் செயலாளர் அறைக்குப் போனேன்.

"சார், அது உப்பு மரம். எரிச்சா அந்தப் புகை இரும்பை அரிச்சுடும். பெயிண்ட் வேற. நான் போட மாட்டேன்."

"நாலு நாளைக்கு அப்புறம் எதைப் போடுவே?"

மீஞ்சூர்க்காரருக்கு இன்னொரு தடவை போன் போடுகிறேன் என்றேன்.

"பாளையத்தோட அப்பா படகும்மா அது. அப்பா தவறி ஒரு வருஷம் ஆகுது. பெரியவங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்னு சொல்லிக் கொடுத்திருக்கார். அதைப் போய் வேண்டாம்னு சொல்லச் சொல்றியா?"

இரண்டு நாள் வாதாடினேன். நான்காம் நாள் சவுக்கு தீர்ந்தது. ஐந்தாம் நாள் காலை பாய்லருக்கு முன்னால் கோடாலியோடு நின்றேன். எனக்கு அப்போது எல்லோர் மேலும் எரிச்சல். செயலாளர் மேல், மழை மேல், மீஞ்சூர்க்காரர் மேல், பார்த்தே இராத பாளையத்தின் மேல். பிளக்கப் பிளக்க எரிச்சல் ஏறியது. இரும்பு போன்ற பலகை. கோடாலி துள்ளித் துள்ளி வந்தது.

படகின் முகப்புப் பலகையை நான் எடுத்தபோது எத்திராஜ் நைனா ஸ்டூலிலிருந்து எழுந்தார். அதில் 'தேசம்மா' என்று செதுக்கி மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தது.

"அத்த வை கீழ."

"எதுக்கு?"

"பேர் போட்ட பலக. அம்மன் பேரு. அடுப்புல வைக்காத."

"நைனா, எனக்கு நேரம் இல்ல. உள்ள போங்க."

அவர் போகவில்லை. நடுங்குகிற இரண்டு கையாலும் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். எண்பது வயது மனிதரோடு இழுபறி போட முடியுமா? விட்டுவிட்டேன். அதைத் தரையில் தேய்த்துக்கொண்டே இழுத்துப் போய்த் தன் கட்டிலுக்கடியில் தள்ளினார். இதுவும் ஒரு தொல்லை என்று நினைத்தேன்.

அடுப்பில் நெருப்பு பச்சையாக எரிந்தது. பெயிண்டில் இருக்கிற செம்பும் கடல் உப்பும் அப்படி ஒரு நிறத்தைக் கொடுக்கும். பார்க்க அழகாகக்கூட இருந்தது. தண்ணீர் நன்றாகச் சூடானது. மார்கழிக் காலையில் எங்கள் தெருவில் காற்றே இருக்காது. புகை மேலே போகாமல் ஜன்னல் உயரத்தில் நின்றது. நான் போய் சரோஜாம்மாவின் ஜன்னலைச் சாத்தினேன். அவர் அவ்வப்போது இருமினார். இரண்டு இருமலுக்கே ஓடிப்போய் அடுப்பைத் திறக்கிற நான், அன்றைக்கு அதை எண்ணவில்லை. வேறு கட்டை இல்லாதபோது எண்ணி என்ன செய்வது என்று இருந்தேன்.

மூன்று காலை எரித்தேன். மூன்றாம் காலை வெந்நீரோடு அவரைத் துடைக்கப் போனால், உட்கார்ந்தபடி இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு மூச்சை இழுக்கிறார். உதடு நீலம்.

"தொண்டையில யாரோ கைய வுட்டு அடைக்கிற மாதிரி கீது குணா" என்றார். பாதி வார்த்தைதான் வெளியே வந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் என்னிடம் என்ன புகை என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அன்று மதியம் திரும்பி வந்து அடுப்பில் மிச்சமிருந்ததை வாரி வெளியே போட்டு, தண்ணீர் ஊற்றினேன். பாய்லர் கதவைச் சாத்தினேன்.

"இனிமே இந்தப் படகுக் கட்டையில ஒரு குச்சிகூட வைக்க மாட்டேன் சார். வேணும்னா என்னை அனுப்பிடுங்க."

செயலாளர் இந்த முறை மறுத்துப் பேசவில்லை. சமையலறையில் காஸ் அடுப்பில் அண்டா அண்டாவாகக் கொதிக்கவைத்தோம். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் வெந்நீர். மற்றவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

5. ஆசாரியோடு வந்தவர்கள்

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். நாற்பது வயதில் ஒருவர். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார், நெற்றியில் விபூதி. பின்னால் எழுபது வயதுக்கு மேல் ஒரு அம்மா, நிமிர்ந்த உடம்பு. மூன்றாவது ஆள் தோளில் பையோடு நின்றார். பையிலிருந்து ரம்பத்தின் கைப்பிடி தெரிந்தது.

"நான் பாளையம். பலகை எங்க வச்சிருக்கீங்க?" என்றார் முதல் ஆள்.

"எதுக்குங்க?"

"பெஞ்சு அடிக்கத்தான். ஐயாகிட்ட சொன்னேனே. எங்க நைனாவோட படகு. சாய்ங்காலத்துல பெரியவங்க காத்தாட குந்திக்க ஆறு பெஞ்சு. இன்னிக்கு நைனாவுக்கு தெவசம், அதான் ஆசாரிய கையோட இட்டாந்தேன்."

செயலாளர் வாசலுக்கு வந்தார். பாளையம் சொன்னதைக் கேட்டார். அவர் முகம் வெளுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"உபயோகமா இருக்கட்டும்னு சொன்னீங்க... வெளியில போர்டு வேற இருந்துச்சா... நான் விறகுன்னு..."

அவரால் முடிக்க முடியவில்லை. நான்தான் முடித்தேன்.

"எரிச்சுட்டோம். நான்தான் பொளந்தேன். நான்தான் போட்டேன்."

பாளையம் நேராகக் கொல்லைப்பக்கம் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். விறகு அடுக்கு ஓரமாக ஏழு பலகைகள் மிச்சம் இருந்தன. பக்கத்தில் சாம்பல் குவியல். அவர் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறினார். துருப்பிடித்த ஆணிகள் நான்கைந்து வந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா என் எதிரில் வந்து நின்றார்.

"அயினி மரத்துப் பலக அது. இருவத்தாறு வருசம் தண்ணில கெடந்திச்சி. ஒரு பூச்சி அரிக்கல, ஒரு எடம் உளுத்துப் போவல. என் வூட்டுக்காரு அத்த நம்பித்தான் எங்கள வளத்தாரு. அத்த அடுப்புல வச்சியா நீ?"

"தெரியாம..."

"தெரியாமலா? கோடாலி போடசொல்லோ தெரியல? வெறகுக்கும் பலகைக்கும் வித்தியாசம் தெரியாத உன்ன எவன் இந்த வேலைக்கு வச்சது?"

"அம்மா, வுடு" என்றார் பாளையம், எழுந்திருக்காமல்.

"இன்னாத்த வுடறது? பேரு போட்ட பலக எங்க? எங்கூட்டுக்காரு கையால செதுக்குன பேரு. என் பேரு! அதையும் குளுருக்கு மூட்டிட்டியா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தேசம்மா அம்மன் பெயர் மட்டுமல்ல. எதிரில் நிற்கிறவரின் பெயர்.

யாரும் சொல்லாமலே எத்திராஜ் நைனா ஸ்டூலிலிருந்து எழுந்து உள்ளே போயிருந்தார். தரையில் கரகரவென்று சத்தம் கேட்டது. பலகையை இழுத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றார். ஆசாரி ஓடிப்போய் வாங்கிக்கொண்டார். தேசம்மா அந்த எழுத்துகளின் மேல் கை வைத்துத் தடவினார். மஞ்சள் பெயிண்ட் இன்னும் அழியாமல் இருந்தது. அவர் அழவில்லை. நைனாவைப் பார்த்துக் கும்பிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று நாள் முழுக்க அவர்கள் போகவில்லை. மிச்சமிருந்த ஏழு பலகையில் ஆறு பெஞ்சு எங்கே வரும்? ஆசாரி அளந்து அளந்து பார்த்து இரண்டு பெஞ்சு அடித்தார். தேசம்மா பக்கத்திலேயே நின்று, "அந்த மூலைய வெட்டாத... அந்த வளைவு அப்டியே இருக்கட்டும்" என்று ஒவ்வொரு ரம்ப வெட்டுக்கும் சொன்னார். நான் நான்கு தடவை டீ கொண்டுபோனேன். மற்றவர்கள் குடித்தார்கள். தேசம்மாவின் டம்ளர் ஆடை கட்டிக் கிடந்தது.

பெயர்ப் பலகையைப் பெஞ்சின் முதுகுப் பக்கம் வைக்கலாமா என்று ஆசாரி கேட்டார்.

"வாணாம். இங்க எத்தையும் நம்பி வுட்டுட்டுப் போவ மாட்டேன்" என்று சொல்லி தேசம்மா அதைத் தன்னோடு எடுத்துப் போனார்.

6. இப்போது

சரோஜாம்மா பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். ராத்திரியில் ஆக்ஸிஜன் மெஷின் வேண்டியிருக்கிறது. என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "வவுத்துக்காகப் பொகையில குந்துனேன். அதான் இப்பவும் தொரத்துது" என்று தன் மேலேயே போட்டுக்கொண்டார். அது உண்மையல்ல என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பாய்லரைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், புகைக் குழாய்களில் ஊசி ஊசியாக அரிப்பு இருப்பதைக் காட்டினார். மூன்றே காலையில் எவ்வளவு, அதற்கு முன்பு எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார். இரண்டு குழாய்களை மாற்றினோம். புகைபோக்கியைக் கூரைக்கு மேல் எட்டு அடி உயர்த்தச் செயலாளர் தானாகவே ஏற்பாடு செய்தார். மீஞ்சூரிலிருந்து சவுக்கு வந்தது. இப்போது மழைக் காலத்துக்கு முன்பே மூன்று மாதக் கட்டை அடுக்கில் இருக்கும். பேனரை யாராவது எடுத்துக்கொண்டு வந்தால் நான் கையைப் பிடித்துத் தடுத்துவிடுவேன்.

வாசலில் இருந்த போர்டைக் கழற்றிவிட்டோம். அப்படியும் கொண்டுவருகிறார்கள். போன வாரம் எண்ணூரிலிருந்து ஒருவர் வெட்டின தூங்குமூஞ்சி மரத்தை லோடு ஏற்றிக்கொண்டு வந்து கேட்டில் நின்றார். எப்போது வெட்டியது, எங்கே நின்ற மரம், மருந்து அடித்ததா, எரிக்கத்தான் கொடுக்கிறீர்களா, வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"இன்னா மேடம், பொண்ணு குடுக்க வந்த மாதிரி கேள்வி கேக்கற? நேத்துதான் வெட்னேன், போதுமா?"

நேற்று வெட்டியதாம். ஈரம் சொட்டுகிறது. ஆறு மாதம் அடுக்கிக் காயவைக்க வேண்டும் என்று சொன்னால், "அப்ப நாளைக்கு எரிக்க மாட்டியா?" என்கிறார். என்ன செய்வது. இறக்கச் சொன்னேன்.

புதிதாக இது போன்ற இல்லங்களில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கட்டையைத் தட்டிப் பாருங்கள், முனையைப் பாருங்கள், உப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெயிண்ட் இருந்தால் திருப்பி அனுப்புங்கள், யார் முகம் சுளித்தாலும். இவையெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். எனக்கும் பழகியிருந்தது. அந்தப் பலகை எரிக்கக் கூடாதது என்று எனக்கு முதல் நாளே தெரியும். ஆனால் மரத்தைப் பற்றி அவ்வளவு தெரிந்த நான், கொடுத்தவருக்கு ஒரு போன் போட்டு, "இத்த எதுக்குக் குடுத்தீங்க?" என்று கேட்கவில்லை. நான்கு நாள் இருந்தது. செயலாளரோடு சண்டை போட நேரம் இருந்தது, கோபப்பட நேரம் இருந்தது, அதற்கு மட்டும் நேரம் இல்லாமல் போயிற்று. அடுத்தவர்களெல்லாம் முட்டாள்கள் என்று எரிச்சலில் இருக்கிறவருக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது. தெரிந்துகொள்ளுங்கள்.

தேசம்மா மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். சரோஜாம்மாவுக்கு ஏதாவது குழம்பு வைத்துக் கொண்டுவருவார். எத்திராஜ் நைனாவோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார். நான் வணக்கம் சொல்லுவேன். அவர் கடல் இருக்கிற பக்கம் திரும்பிக்கொள்வார். நான் அடுப்பைப் பார்க்கப் போவேன். அடுத்த மாதமும் வணக்கம் சொல்லுவேன்.